ஆயில் இன்ஜினில் மாற்று எரிபொருள்: தோட்டத்துக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

தாராபுரம், காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்தில் டீசல் இன்ஜினின் எரிபொருள் பம்பையும், எரிபொருளைத் தூவும் நாசிலையும் சரிபார்க்கும் வேலையில் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். மின்மோட்டார் வந்த பிறகு சாளையின் (தோட்டத்து வீட்டின்) மூலைக்கு ஒதுங்கிய ஆயில் இன்ஜின்களை மறுபடி ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், டீசல் விலை ஏறும் ஒவ்வொரு முறையும் என் பட்டறைக்கு வருகிறார்கள். புங்க எண்ணெய் ஊற்றலாமா, பலகாரக் கடை எண்ணெய் ஆகுமா, சாண எரிவாயுவில் ஓடுமா என்று கேட்கிறார்கள். நேரில் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

எந்த இன்ஜினுக்கு இதெல்லாம் பொருந்தும்?

மெதுவாகச் சுற்றுகிற, கனமான, பழைய வகை இன்ஜின்களுக்கு. முதலிடம் லிஸ்டர் வகைக்கு. இங்கிலாந்தில் 1929இல் வந்த அந்த அமைப்பை ராஜ்கோட் பட்டறைகள் அப்படியே எடுத்துக்கொண்டு நாடு முழுவதும் அனுப்பின. 6 குதிரைத்திறன் இன்ஜின் நிமிடத்துக்கு 650 சுற்றுதான் சுற்றும். இரண்டு பெரிய சக்கரங்களும் தொட்டித் தண்ணீரும் கொண்ட அந்த இன்ஜினை நம் பக்கத்துப் பெரியவர்கள் சத்தத்தை வைத்தே யார் தோட்டத்துடையது என்று சொல்வார்கள். அடுத்தது 1500 சுற்றில் ஓடும் 5 குதிரைத்திறன் கிர்லோஸ்கர், பீட்டர் வகை. இதுவும் தாங்கும், ஆனால் லிஸ்டர் அளவுக்குப் பொறுமை கிடையாது. வண்டிகளில் பழைய டீசல் அம்பாசிடர், டெம்போ ட்ராக்ஸ் போன்றவற்றில் எரிபொருள் முதலில் ஒரு சிறிய முன்னறையில் எரியத் தொடங்கும். அந்த அமைப்பும் கெட்டியான எண்ணெயை ஓரளவு சகித்துக்கொள்ளும்.

கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் காமன் ரயில் டீசல் கார், டிராக்டர், லாரி எதற்கும் இங்கே நான் எழுதும் எதுவும் பொருந்தாது. அங்கே எரிபொருள் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் முடியளவு துளைகள் வழியே போகிறது. ஒரு முறை தவறாக ஊற்றினாலும் செலவு லட்சத்தைத் தொடும்.

டீசல் இன்ஜின் எண்ணெயில் ஓடும் என்பது உண்மைதானா?

உண்மைதான், பழைய உண்மையும்கூட. 1900இல் பாரிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்டதால் ஓட்டோ நிறுவனம் அதைச் செய்தது. வேறு எண்ணெயில் ஓடுகிறது என்பதே பார்த்தவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை என்று ருடால்ப் டீசல் பிற்பாடு, 1912இல் சொன்னார்.

சிக்கல் எண்ணெயின் கெட்டித்தன்மையில் இருக்கிறது. 40 டிகிரி வெப்பத்தில் டீசலின் பிசுபிசுப்பு 2 முதல் 4.5 சென்டிஸ்டோக். கடலை, புங்கம் போன்ற எண்ணெய்கள் 35, 40 என்று நிற்கும். விளக்கெண்ணெய் 200ஐத் தாண்டும். நாசில் டீசலைப் பனிபோலத் தூவும் இடத்தில், ஆறிய எண்ணெயைத் தாரையாகப் பீய்ச்சும். தாரையாக விழுந்தது முழுதாக எரியாது. எரியாமல் மிஞ்சுவது எங்கே போகிறது என்பதில்தான் இன்ஜினின் ஆயுள் இருக்கிறது.

அப்படியே ஊற்றி ஓட்டினேன், நன்றாகத்தானே ஓடுகிறது?

முதல் நாள் எல்லாமே ஓடும். புகையும் குறைவாகத் தெரியும், சத்தம்கூடச் சற்று மென்மையாக இருக்கும். நூறாவது மணி நேரத்தில் என்ன நிலை என்பதுதான் கேள்வி.

குண்டடம் பக்கத்திலிருந்து ஒருவர் ஒரு பீட்டர் வகை இன்ஜினைக் கொண்டுவந்தார். ஒரு கோடை முழுவதும் ஆட்டிய புங்க எண்ணெயை டீசலோடு பாதிக்குப் பாதி கலந்து, சூடு செய்யாமல் ஓட்டியிருக்கிறார். நாசிலைக் கழற்றினேன். நுனியில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் கரி, சின்ன ஊமத்தம்பூ விரிந்ததுபோல வெளிப்பக்கமாக வளர்ந்திருந்தது. சோதனைக் கருவியில் மாட்டி அழுத்தினால், 200 பாரில் ‘கிர்ர்’ என்று அதிர்ந்து தூவ வேண்டிய நாசில், ஒரு பக்கமாக ஒழுகியது. அடுத்து கீழே ஆயில் போல்ட்டைத் திறந்தேன். எதுவும் வரவில்லை. திருப்புளியை விட்டுக் கிளறியபோது கறுப்பாக, கேழ்வரகுக் களி பதத்தில் ஒரு கட்டி இறங்கியது. எரியாத எண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி, இன்ஜின் ஆயிலோடு சேர்ந்து, சூட்டில் இறுகிவிட்டது. வளையங்கள் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. பேரிங்கும் போய்விட்டது. அவர் மிச்சம் பிடித்த டீசல் காசு அந்த ஒரு வேலைக்குப் போதவில்லை.

எந்த எண்ணெய் நல்லது?

எண்ணெய் எவ்வளவு எளிதில் பிசினாக இறுகும் என்பதை அயோடின் எண் காட்டும். எண் குறைவாக இருந்தால் நல்லது. தேங்காய் எண்ணெய்க்கு 10க்குப் பக்கம். கடலைக்கும் புங்கத்துக்கும் 80, 90 அளவில். சூரியகாந்திக்கு 120க்கு மேல். ஆளி விதை எண்ணெய் 170ஐத் தாண்டும், அதனால்தான் அதை வர்ணம் கலக்கப் பயன்படுத்துகிறார்கள்.

இந்தக் கணக்கில் தேங்காய் எண்ணெய்தான் முதல். அதற்கு ஒரே குறை, 24, 25 டிகிரியில் உறைந்துவிடும். என் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) தோட்டம் காங்கேயத்துக்குத் தெற்கே. தேங்காய்ப் பருப்புக் களத்தில் மிஞ்சிய கறுத்த பருப்பை ஆட்டி வந்த எண்ணெயை, இளவயதில் நான் அவருடைய லிஸ்டரில் ஊற்றி ஓட்டினேன். ஐப்பசி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. மார்கழியில் ஒரு காலை எவ்வளவு சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை. பில்டர் கிண்ணத்தைத் திறந்தால் எண்ணெய் வெள்ளை மெழுகாக நின்றது, குழாய் முழுக்க அப்படியே. வெந்நீர்த் துணி சுற்றி இளக்கி எடுக்க முற்பகல் ஆகிவிட்டது. வாழை தண்ணீருக்குக் காத்திருந்தது. அன்றிலிருந்து டீசலில் தொடங்கி டீசலில் நிறுத்தாமல் நான் எந்த இன்ஜினிலும் எண்ணெய் ஓட்டியதில்லை.

புங்க எண்ணெய் விளக்குக்கும் மாட்டு மருந்துக்கும் நம்மிடம் காலங்காலமாக இருப்பது. 100 கிலோ பருப்பை ஆட்டி 25 கிலோ எண்ணெய் வந்தால் நல்ல ஆட்டு. பிண்ணாக்கு உரமாகிவிடும். ஆனால் இந்த எண்ணெயில் அமிலம் கூடுதல். விதை நனைந்து கிடந்திருந்தால் இன்னும் கூடும். பித்தளை, செம்புக் குழாய்களில் பச்சை படியும். இலுப்பையும் ஏறக்குறைய இதே வகைதான். விளக்கெண்ணெயைத் தொடவே வேண்டாம்.

காட்டாமணக்கு என்ன ஆயிற்று?

2003இல் மத்திய திட்டக் குழுவின் அறிக்கை வந்த பிறகு, தரிசு நிலமெல்லாம் காட்டாமணக்கு நட்டால் டீசல் வந்துவிடும் என்ற நம்பிக்கை பரவியது. நம் மாவட்டங்களிலும் நட்டார்கள். தண்ணீரும் உரமும் இல்லாமல் செடி உயிரோடு இருக்கும் என்பது சரி, காய்க்கும் என்பது சரியில்லை. காயும் ஒரே நேரத்தில் பழுக்காததால் பறிக்கும் கூலி விலையை விழுங்கிவிட்டது. நட்டவர்களில் பலர் பிடுங்கிவிட்டார்கள். விதையும் எண்ணெயும் நச்சு என்பதால் வேறு எதற்கும் ஆகவில்லை. இன்று யாராவது கன்று விற்க வந்தால் வாங்காதீர்கள்.

சரியாக ஓட்ட என்ன மாற்றம் செய்ய வேண்டும்?

இரண்டு டேங்க். சிறியது டீசலுக்கு, பெரியது எண்ணெய்க்கு. நடுவில் மூவழித் திருகு. எண்ணெய்க் குழாயை இன்ஜினின் சுடுதண்ணீருக்குள்ளோ சைலன்சரைச் சுற்றியோ சுருளாகக் கொண்டுபோய், பம்புக்குள் நுழையும் இடத்தில் 70, 80 டிகிரி சூடு இருக்கும்படி செய்ய வேண்டும். அந்தச் சூட்டில் எண்ணெயின் கெட்டித்தன்மை நான்கில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். சைலன்சரில் நேரடியாகச் சுற்றினால் அளவுக்கு மீறிச் சுடும், குழாய் விட்டால் தீப்பிடிக்கும். தண்ணீர் வழிதான் பாதுகாப்பு.

தொடங்குவது டீசலில். கால் மணி நேரம் கழித்து, தண்ணீர் நன்றாகச் சூடேறிய பிறகு எண்ணெய்க்கு மாற்றுங்கள். நிறுத்துவதற்குப் பத்து நிமிடம் முன்பு மறுபடி டீசல். பம்பும் குழாயும் நாசிலும் டீசலால் கழுவப்பட்டு நிற்க வேண்டும். கரண்ட் வந்துவிட்டது என்று அவசரமாக நிறுத்திவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது. பிளஞ்சர் (பம்புக்குள் எரிபொருளைத் தள்ளும் தண்டு) ஒட்டிப் போய் என்னிடம் வரும் பம்புகளில் பாதிக்கு மேல் அந்த அவசரத்தில் கெட்டவை.

சுமையும் வேண்டும். பாதிச் சுமைக்கு மேல் இழுக்கும்போதுதான் உள்ளே போதிய சூடு இருக்கும். கிணற்றிலிருந்து முழுக் குழாய் தண்ணீர் ஏற்றும் இன்ஜினுக்கு எண்ணெய் ஒத்துவரும். சும்மா ஓடவிட்டால் கரி கட்டும். இன்ஜின் ஆயிலை 250 மணிக்கு ஒரு முறை மாற்றியவர்கள் 100 மணிக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். இடையில் குச்சியில் ஒரு சொட்டு எடுத்துச் செய்தித்தாளில் வைத்துப் பாருங்கள். பரவாமல் நடுவில் மேடாக நின்றால் அன்றே மாற்றுங்கள்.

எண்ணெயின் ஆற்றல் டீசலைவிடச் சற்றுக் குறைவு. 100 லிட்டர் டீசல் செய்யும் வேலைக்கு 105 முதல் 110 லிட்டர் ஆகும்.

பலகாரக் கடை எண்ணெயைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், அதில் நான் மகிழ்கிறேன். அந்த எண்ணெய் மறுபடி வடைச் சட்டிக்குப் போவதைவிட இன்ஜினுக்குப் போவது எவ்வளவோ மேல். திரும்பத் திரும்பச் சுடுவதால் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று 2018 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. அந்த ஆண்டே பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலுக்கு அனுப்பும் திட்டத்தையும் ஆணையம் தொடங்கியது.

கிடைக்கும் எண்ணெயில் தண்ணீர், உப்பு, மாவு மூன்றும் இருக்கும். இரண்டு வாரம் டிரம்மில் அசையாமல் தெளியவிடுங்கள். அடிப்பகுதியில் கால்வாசியைத் தொடாதீர்கள். மேலே உள்ளதைக் காடாத் துணியிலும், பிறகு 5 மைக்ரான் பில்டரிலும் வடிகட்டுங்கள். அடுத்ததாகத் தோசைக்கல் சோதனை: கல்லை நன்றாகக் காயவைத்து ஒரு கரண்டி எண்ணெயை விடுங்கள். கடுகு பொரிவதுபோலப் படபடத்தால் தண்ணீர் இருக்கிறது. அமைதியாகப் புகைந்தால் எடுத்துக்கொள்ளலாம். பாமாயில் கலந்த எண்ணெய்தான் கடைகளில் அதிகம். அதுவும் குளிரில் கட்டும் என்பதால் சூடாக்கும் ஏற்பாடு கட்டாயம்.

வீட்டிலேயே பயோடீசல் செய்யலாமா?

செய்முறை எளிது, செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 100 லிட்டர் எண்ணெய்க்கு 20 லிட்டர் அளவு மெத்தனாலும், காஸ்டிக் சோடா கொஞ்சமும் சேர்த்து 60 டிகிரிக்குள் கலக்கினால் கிளிசரின் கீழே தங்கி, மேலே மெல்லிய எரிபொருள் நிற்கும். அதைத் தண்ணீரில் கழுவி உலர்த்த வேண்டும். பழைய எண்ணெயிலும் புங்க எண்ணெயிலும் உள்ள அமிலத்தை முதலில் அளந்து சரிசெய்யாவிட்டால் டிரம் முழுக்கச் சோப்பாகிவிடும்.

மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கும், அதன் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே போனால் கண் போகும், உயிர் போகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். குழந்தைகளும் வேலையாட்களும் நடமாடும் சாளையில் அந்த டிரம் இருக்கக் கூடாது. பத்து இருபது பேர் சேர்ந்து, உரிமத்தோடு, தெரிந்த வேதியியலாளரை வைத்துச் செய்தால் அது வேறு விஷயம்.

விலைக்குக் கிடைக்கும் பயோடீசலை ஊற்றலாமா?

ஐஎஸ் 15607 என்ற இந்தியத் தரம் கொண்ட உண்மையான பயோடீசல் நல்ல சரக்கு. பழைய இன்ஜினில் 20 சதவீதம் வரை கலந்தால் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியதில்லை. முழுதாக ஊற்றுவதானால் ரப்பர் குழாய்களை மாற்றுங்கள். பயோடீசல் பழைய ரப்பரை உப்பவைத்து இளக்கிவிடும். டேங்கில் இருபது வருடம் படிந்த கசடையும் கரைத்துக்கொண்டு வரும் என்பதால் முதல் மாதம் பில்டர் அடிக்கடி அடைக்கும். அதைப் பார்த்து எரிபொருள் கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் சேமிக்கவும் வேண்டாம்.

ஆழ்குழாய்க் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களுக்கும் நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பில் இல்லாமல், தரச் சான்று இல்லாமல், டீசலைவிட இருபது ரூபாய் குறைவாகக் கிடைக்கும் ‘பயோடீசல்’ பெரும்பாலும் பெயரளவில்தான் பயோடீசல். ஏதோ தொழிற்சாலை எண்ணெயைக் கலந்திருப்பார்கள். ஒரு சொட்டை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பே இல்லாமல் உலர்ந்துபோனால் பம்பையும் அப்படித்தான் உலர்த்தும்.

மண்ணெண்ணெய்? பழைய இன்ஜின் ஆயில்? டயர் ஆயில்?

மூன்றும் வேண்டாம். மண்ணெண்ணெயில் வழவழப்பு இல்லை, பிளஞ்சர் தேயும். பழைய இன்ஜின் ஆயிலில் இரும்புத் தூளும் துத்தநாகச் சாம்பலும் இருக்கின்றன, எந்தத் துணியிலும் நிற்காது. டயரை உருக்கி எடுக்கும் எண்ணெயில் கந்தகம் அதிகம், எளிதில் தீப்பிடிக்கும்.

சாண எரிவாயுவில் ஓடுமா?

ஓடும். காற்று உறிஞ்சும் குழாயில் எரிவாயுவைக் கலந்துவிட்டால் போதும். பற்றவைக்க மட்டும் டீசல் வேண்டும், முன்பு ஆனதில் 20, 25 சதவீதம். நல்ல கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இருந்தால் டீசலைத் தானே குறைத்துக்கொள்ளும்.

கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு மாடு நாளுக்கு 10 கிலோ சாணம் தரும், ஒரு கிலோவில் கிடைப்பது 0.04 கன மீட்டர் வாயு. பத்து மாட்டுக்கு 4 கன மீட்டர். 5 குதிரைத்திறன் இன்ஜின் மணிக்கு 2 கன மீட்டருக்கு மேல் குடிக்கும். ஆக, பத்து மாட்டின் ஒரு நாள் சாணம் இரண்டு மணி நேரத்தை எட்டாது. அதுவும் கட்டுத்தரையில் நிற்கும் மாட்டுக்கு. கொரங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில்) மேயும் காங்கேயம் மாடுகளின் சாணம் பெரும்பகுதி காட்டிலேயே விழும், காட்டுக்கும் அது வேண்டும். அதை வாரி வராதீர்கள். முப்பது நாற்பது கறவை மாடு கட்டியிருக்கும் பண்ணைக்கு இதைவிடச் சிறந்த மாற்று எரிபொருள் கிடையாது என்பேன்.

வாயுவில் உள்ள ஹைட்ரஜன் சல்பைடு இன்ஜினை அரிக்கும். லேத் பட்டறையில் கிடைக்கும் இரும்புத் துருவலைத் துருப்பிடிக்கவைத்து ஒரு குழாயில் அடைத்து, அதன் வழியே வாயுவை விடுங்கள். துருவல் கறுத்ததும் வெளியில் எடுத்துக் காற்றாடப் போட்டால் மறுபடி பழுப்பாகிப் பயன்படும். போடும்போது சூடேறும், வைக்கோல் பக்கத்தில் போடாதீர்கள்.

கொட்டாங்குச்சியிலும் விறகிலும் ஓட்ட முடியுமா?

முடியும். இரண்டாம் உலகப் போர் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களே கரி வாயுவில் ஓடின. வாயுவாக்கியில் விறகையோ கொட்டாங்குச்சியையோ குறைந்த காற்றில் எரித்தால் வரும் வாயு, டீசலில் 70 சதவீதம் வரை மிச்சப்படுத்தும். கொட்டாங்குச்சி அடர்த்தியானது, ஈரம் குறைவு. சீமைக் கருவேலமும் நல்லதுதான், ஆனால் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே காய்ந்திருக்க வேண்டும். ஈர விறகு தார் கக்கும், அந்தத் தார் வால்வை ஒட்டவைத்துவிடும். தினமும் சாம்பல் அள்ளி, வடிகட்டி கழுவி, வாயுவை ஆறவைக்க ஒரு ஆள் வேண்டும். ஒரு மணி நேரப் பாய்ச்சலுக்கு இது ஒத்துவராது. நாள் முழுக்க ஓடும் ஆலைக்கு ஒத்துவரும்.

இந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. மணமில்லை, நிறமில்லை. கதவு சாத்திய மோட்டார் ரூமில் தலை சுற்றுவதற்குள் ஆள் விழுந்துவிடுவார். நாலு பக்கமும் திறந்த கொட்டகையில் மட்டுமே வையுங்கள்.

பணம் மிச்சமாகுமா?

கடையில் எண்ணெய் வாங்கி ஊற்றினால் ஆகாது. தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் டீசலைவிடப் பல மடங்கு விலை. அவல்பூந்துறையில் ஏலத்துக்குப் போகும் தேங்காய்ப் பருப்பை இன்ஜினுக்கு ஆட்டுவது வீண், சாப்பிடும் பொருளை எரிப்பதற்கு எனக்கு மனமும் ஒப்பாது. சொந்தப் புங்க மரங்கள், விலைபோகாத பூசணம் பிடித்த பருப்பு, ஊரில் சும்மா கிடைக்கும் பலகாரக் கடை எண்ணெய், கட்டுத்தரைச் சாணம் என இவற்றில் ஒன்று கையில் இருப்பவருக்கு மிச்சமாகும். இலவச மின்சாரம் வரும் கிணற்றில் எதுவுமே மிச்சமாகாது. மின் இணைப்பு கிடைக்காத காட்டுக்கும், வரப்புக்கு வரப்பு இழுத்துப்போகும் தள்ளுவண்டி இன்ஜினுக்கும்தான் இந்தப் பாடு தகும்.

வண்டியில் ஊற்றிச் சாலையில் ஓட்டலாமா?

தோட்டத்து இன்ஜினுக்கும் சாலையில் ஓடும் வண்டிக்கும் சட்டம் வேறு. பதிவுச் சான்றில் உள்ள எரிபொருளை அனுமதியின்றி மாற்றியமைப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் வரும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தாக அனுமதி பெறாமல் டேங்க் மாற்றாதீர்கள். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சீசன் முடிந்து நிறுத்திவைக்கும்போது?

கடைசி ஒரு மணி நேரம் முழுக்க டீசலில் ஓட்டுங்கள். எண்ணெய் டேங்கைக் காலி செய்து துடைத்துக் கவிழ்த்துவையுங்கள். இன்ஜின் ஆயிலைச் சூடு ஆறுவதற்குள் இறக்கிப் புதியது ஊற்றுங்கள். சைலன்சர் வாயில் ஒரு டப்பாவைக் கவிழ்க்காவிட்டால் குளவி கூடு கட்டும். வாரம் ஒரு முறை டீகம்ப்ரெஷன் நெம்பை (உள்ளே அழுத்தம் ஏறாமல் விடுவிக்கும் நெம்புகோலை) தூக்கிப் பெரிய சக்கரத்தைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிறுத்துங்கள். நாசிலைக் கழற்றிக் கொண்டுவந்தால் சோதித்துத் தருவேன். துணியில் சுற்றி, நுனி மேலே இருக்கும்படி கொண்டுவாருங்கள்.